மர்ஃபி என்றால் எந்த மர்ஃபி?

நம் கேட்டில் வந்து நின்று "சுரேஷ் வீடு எங்கே?" என்று கேட்கிற கூரியர் பையனிடம் செக்யூரிட்டி திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த பிளாக், என்ன நம்பர்?" பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நம் காம்பவுண்டுக்குள்ளேயே ஓர் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. அப்படியிருக்க, 170 வருடத்துக்கு முன்னால் அயர்லாந்திலிருந்து கப்பலேறிப் போன ஒரு பேட்ரிக் மர்ஃபியை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த நாட்டிலேயே மிக அதிகமாக வழங்கும் குடும்பப் பெயர் மர்ஃபி. பேட்ரிக் என்ற பெயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உங்கள் பிள்ளைகள் பாஸ்டனிலோ டொராண்டோவிலோ மெல்போர்னிலோ இருந்து, நீங்களும் அங்கே போய் இரண்டு மூன்று மாதம் தங்கிவிட்டு வந்திருந்தால் இந்தப் பேச்சு காதில் விழுந்திருக்கும். "எங்கள் முன்னோர் அயர்லாந்து", "அம்மா வழியில் ஸ்காட்லாந்து" என்று பக்கத்து வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் இருக்காது. ஓய்வு பெற்றபின் அந்த ஒரு பதிலுக்காக வருடக்கணக்கில் அலைகிறவர்கள் உண்டு. அவர்கள் எப்படித் தேடுகிறார்கள், எங்கே வழுக்கி விழுகிறார்கள் என்பதைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன். இந்தக் கதையின் ஒரு நுனி நம் சென்னையிலும் இருக்கிறது. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

வழுக்கி விழுந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1892 ஜனவரி 1ஆம் தேதி, நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டது. முதல் ஆளாகப் பதிவேட்டில் ஏறியவள் ஆனி மூர் என்ற பெண். அயர்லாந்தின் கார்க் பகுதியிலிருந்து இரண்டு தம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு 'நெவாடா' என்ற கப்பலில் வந்தவள். அப்பா அம்மா முன்பே நியூயார்க் வந்து சேர்ந்திருந்தார்கள். அதிகாரி அவளுக்குப் பத்து டாலர் தங்கக் காசு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அன்றுதான் அவளுக்குப் பதினைந்தாவது பிறந்தநாள் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அவளுக்கு அப்போது வயது பதினேழு, பிறந்தநாளும் அன்றல்ல. செய்தி இனிக்க வேண்டும் என்றால் பிறந்தநாளை நகர்த்தும் பழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

அதன்பின் அவள் என்ன ஆனாள்? பல வருடங்கள் எல்லோரும் நம்பிய கதை இது: ஆனி மேற்கே டெக்சஸ் பக்கம் போனாள், ஓர் ஐரிஷ் வம்சத்தவரை மணந்தாள், 1923இல் ஃபோர்ட் வொர்த் அருகே டிராம் மோதி இறந்தாள். அந்தக் குடும்பத்தாரை எல்லிஸ் தீவு விழாக்களுக்கு அழைத்துக் கௌரவித்தார்கள். 1993இல் அவள் கப்பலேறிய கோவ் துறைமுகத்தில் ஒன்றும் எல்லிஸ் தீவில் ஒன்றுமாகச் சிலைகளும் வைத்தாயிற்று.

மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் ஒரு வேலையாக இந்த டெக்சஸ் ஆனியின் காகிதங்களைப் புரட்டியபோது, 'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் இல்லினாய் என்று இருந்தது. அமெரிக்காவிலேயே பிறந்தவள் எப்படி அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்திருக்க முடியும்? அப்படியானால் கப்பலில் வந்தவள் எங்கே? 2006இல் அவர் இணையத்தில் ஆயிரம் டாலர் பரிசு அறிவித்தார். முடிச்சு அவிழ்ந்தது ஆனியின் பெயரால் அல்ல, அவள் தம்பி பிலிப்பின் பெயரால். நியூயார்க் நகர ஆவணத்துறை ஆணையர் தேடி எடுத்த பிலிப்பின் குடியுரிமைச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு அவர் வழிவந்தவர்களுக்குப் போய், அங்கிருந்து அத்தையின் வழிக்கு வந்தார்கள்.

உண்மையான ஆனி டெக்சஸ் போகவே இல்லை. மன்ஹாட்டனில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைடு பகுதியிலேயே கடைசிவரை இருந்திருக்கிறாள். கணவர் ஜோசப் ஷேயர், ஒரு ஜெர்மானிய ரொட்டிக் கடைக்காரரின் மகன். பத்துக்கு மேல் பிள்ளைகள் பெற்றாள், பெரியவர்களாக வளர்ந்தவை ஐந்துதான். 1924இல், ஐம்பது வயதில் இறந்தாள். குவீன்ஸ் பகுதியில் உள்ள கால்வரி கல்லறைத் தோட்டத்தில் கல்கூட இல்லாமல் கிடந்தாள். ஒரு பக்கம் சிலைகள் நின்றன, இன்னொரு பக்கம் பெயரில்லாத மண். 2008இல்தான் அங்கே கல் நட்டார்கள்.

டெக்சஸ் குடும்பத்தார் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. வீட்டில் பாட்டி சொன்ன கதையை நம்பினார்கள், பெயரும் பொருந்தியது, அவ்வளவுதான். வம்சாவளி தேடுகிறவர்களில் மிகப் பலர் விழும் பள்ளம் இதுதான். பெயர் பொருந்திய முதல் ஆளைத் தாத்தாவாக எடுத்துக்கொள்வது, பிறகு அந்தத் தாத்தாவின் அப்பாவைத் தேடிப் போவது. அடி தப்பினால் மேலே கட்டுகிற மாடியெல்லாம் அடுத்தவர் நிலத்தில். இணையத்தில் கிடைக்கும் வம்சாவளி மரங்களை ஒருவரைப் பார்த்து ஒருவர் நகலெடுப்பதால் ஒரே தவறு நூறு வீட்டுக்குப் போய்விடுகிறது.

"எல்லிஸ் தீவில் அதிகாரிகள் எங்கள் பெயரை மாற்றிவிட்டார்கள்" என்ற பேச்சையும் அடிக்கடி கேட்கலாம். அங்கே யாரும் புதிதாகப் பெயர் எழுதவில்லை. கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் கம்பெனிக்காரர் எழுதிய பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். பெயரைச் சுருக்கியதும் மாற்றியதும் பெரும்பாலும் வந்தவர்களே, வந்து குடியேறிய பிறகு. ஐரிஷ் பெயர்களில் முன்னால் நிற்கும் 'ஓ' என்பதன் மூலப் பொருள் பேரன், 'மக்' என்றால் மகன். பல குடும்பங்கள் அந்த முன்னொட்டையே விட்டுவிட்டன. ஆகவே ஓ'சல்லிவனைத் தேடுகிறவர் சல்லிவனையும் தேட வேண்டும்.

சரி, இவ்வளவு பேர் ஏன் போனார்கள்? 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு வேறு சாப்பாடே கிடையாது. ஏழெட்டு வருடத்தில் சுமார் பத்து லட்சம் பேர் பட்டினியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள், அதற்குக் குறையாத எண்ணிக்கையில் கப்பலேறினார்கள். 1841இல் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் 65 லட்சம். 1847இல் மட்டும், கியூபெக் போகும் ஆற்றின் நடுவே இருந்த குரோஸ் தீவு என்ற தனிமைப்படுத்தும் நிலையத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டார்கள். பெற்றோரை அங்கே பறிகொடுத்த பிள்ளைகள் பலரைப் பிரெஞ்சு பேசும் கனடியக் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. அவர்களில் பலர் பழைய ஐரிஷ் குடும்பப் பெயரோடே பிரெஞ்சுக்காரர்களாக வளர்ந்தார்கள். இன்றும் கியூபெக்கில் ஓர் ஐரிஷ் பெயர்க்காரர் உங்களிடம் பிரெஞ்சில் வணக்கம் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள்.

இப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் ஆவணம் தேடி டப்ளினுக்கு வந்தால், அங்கே அவர்களுக்காகக் காத்திருப்பது ஒரு சாம்பல் மேடு. 1922இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது ஒரு தரப்பு 'ஃபோர் கோர்ட்ஸ்' என்ற நீதிமன்ற வளாகத்தைப் பிடித்து உட்கார்ந்திருந்தது. நாட்டின் ஆவணக் காப்பகமும் அதே வளாகத்தில்தான் இருந்தது. ஜூன் 30ஆம் தேதி பெருவெடிப்பு ஏற்பட்டுக் காப்பகம் எரிந்தது. கருகிய காகிதத் துண்டுகள் நகரமெங்கும் பறந்து விழுந்தன. 1821 முதல் 1851 வரை நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் ஏடுகள், உயில்கள், அயர்லாந்துத் திருச்சபையின் பதிவேடுகளில் பாதிக்கும் மேல், எல்லாம் போயின. வேடிக்கை என்னவென்றால், காப்பகத்தில் என்னென்ன இருக்கின்றன என்று அதிகாரி ஹெர்பர்ட் வுட் தயாரித்த கையேடு 1919இல்தான் அச்சாகியிருந்தது. பட்டியல் பிழைத்தது, பொருள் போயிற்று.

எல்லாப் பழியையும் அந்தத் தீயின் மேல் போடவும் முடியாது. 1861, 1871 கணக்கெடுப்பு ஏடுகளை, புள்ளிவிவரம் எடுத்தவுடன் அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகளை முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதப் பஞ்சம் என்று கூழாக்கிவிட்டார்கள். ஆக, முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய கணக்கெடுப்பு 1901இனுடையது. அதையும் 1911இனுடையதையும் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு அதிசயம் தெரியும். 1901இல் 56 வயதென்று எழுதிய பாட்டிக்கு 1911இல் 71. காரணம் மந்திரமல்ல, பென்ஷன். 1909 ஜனவரியிலிருந்து எழுபது வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை முதியோர் பென்ஷன் கிடைத்தது. ஆனால் அயர்லாந்தில் எல்லோருடைய பிறப்பையும் அரசு பதிவு செய்யத் தொடங்கியதே 1864இல்தான். எழுபது வயதுக்காரர் யாரிடமும் சான்றிதழ் இல்லை. 1839 ஜனவரியில் அயர்லாந்தைப் புரட்டிப்போட்ட பெரும்புயல் இரவு நினைவிருக்கிறது என்று சொல்லி வயதை நிரூபிக்கப் பார்த்தவர்கள் பலர். தனுஷ்கோடி புயல் வருஷத்தில் பிறந்தேன் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில்லையா, அது போல.

சிலர் இன்னொரு வழி பிடித்தார்கள். "1841 கணக்கெடுப்பில் இன்ன ஊரில் இன்னாருக்குப் பிள்ளையாக நான் இருந்தேன், பார்த்துச் சொல்லுங்கள்" என்று காப்பகத்துக்கு விண்ணப்பம் போட்டார்கள். குமாஸ்தா ஏட்டைப் பார்த்து, குடும்பத்தில் இருந்தவர்களின் விவரத்தை அந்த விண்ணப்பத்திலேயே குறித்தார். பிறகு ஏடு எரிந்துவிட்டது. விண்ணப்பங்கள் தப்பிவிட்டன! ஐந்து ஷில்லிங்குக்காக ஒரு கிழவி போட்ட மனுவால், பஞ்சத்துக்கு முந்தைய ஒரு குடும்பத்தின் பெயர்கள் இன்று நமக்குக் கிடைக்கின்றன.

இப்போது செக்யூரிட்டியின் கேள்விக்கு வருவோம். அயர்லாந்தில் பிளாக் நம்பருக்குச் சமமானது 'டவுன்லேண்ட்'. பெயரைக் கேட்டு நகரம் என்று நினைக்காதீர்கள். நம் ஊர்க் குக்கிராமம் போல, எல்லை வகுத்துப் பெயரிட்ட சின்ன நிலப்பரப்பு அது. அப்படி அறுபதாயிரத்துக்கும் மேல் உண்டு. கத்தோலிக்கப் பங்கு ஒன்று, அரசுக் கணக்கில் பாரிஷ் இன்னொன்று, பிறப்புப் பதிவு மாவட்டம் வேறொன்று என்று எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். டவுன்லேண்ட் தெரிந்தால் எல்லாப் பூட்டும் திறக்கும். தெரியாவிட்டால் ஞானஸ்நானப் பதிவேடுகள் முழுவதும் இணையத்தில் இருந்தும் பயனில்லை. (அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளை இலவசமாக ஏற்றிவிட்டது. லத்தீனில், மங்கிய கையெழுத்தில், படிக்கக் கண் வேண்டும்.)

அந்த ஊர்ப் பெயர் பெரும்பாலும் அயர்லாந்தில் கிடைக்காது. போய்ச் சேர்ந்த நாட்டில்தான் கிடைக்கும். விமானச் சீட்டு எடுத்து முதலில் டப்ளினுக்கு ஓடுகிறவர்கள் செய்யும் பிழை இதுதான். ஊர்ப் பெயர் ஒளிந்திருக்கும் இடங்களும் விசித்திரமானவை. நியூயார்க்கில் 1850இல் ஐரிஷ்காரர்களுக்காகத் தொடங்கிய எமிகிரன்ட் சேமிப்பு வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத வேலைக்காரப் பெண்களும் கூலிக்காரர்களும்தான் வாடிக்கையாளர்கள். பாஸ்புக்கைத் திருடிக்கொண்டு வேறொருவர் வந்தால்? அதற்காக வங்கி ஒரு 'டெஸ்ட் புக்' வைத்திருந்தது. பிறந்த ஊர், வந்த கப்பல், வந்த வருடம், அப்பா அம்மா பெயர், அண்ணன் தம்பிகள் எங்கே என்று எல்லாம் எழுதிக்கொண்டு, பணம் எடுக்க வரும்போது கேள்வி கேட்டுச் சரிபார்த்தார்கள். இன்று போனில் வங்கிக்காரர் அம்மா பெயரைக் கேட்டால் நமக்கு எரிச்சல் வருகிறது. அன்று கேட்டதை எழுதி வைத்ததால் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஊர் கிடைத்திருக்கிறது. அந்த ஏடுகள் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன.

பாஸ்டனிலிருந்து வந்த 'பைலட்' என்ற கத்தோலிக்கப் பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை 'காணாமற்போன நண்பர்கள்' என்ற விளம்பரப் பகுதி வெளியானது. நண்பர்கள் என்று தலைப்பு, தேடப்பட்டவர்கள் பெரும்பாலும் சொந்தங்கள். ரயில் பாதை போடப் போன கணவனிடமிருந்து கடிதம் நின்றுவிட்டது, கப்பலில் முன்னே வந்த தங்கை எந்த ஊரில் வேலைக்கு நிற்கிறாள் என்று தெரியவில்லை, இப்படி. சரியான ஆளை அடையாளம் காட்ட வேண்டுமே என்பதற்காகக் காசு கொடுத்து மாவட்டம், பாரிஷ், சில சமயம் டவுன்லேண்ட் வரை அச்சிட்டார்கள். பாஸ்டன் கல்லூரி அவற்றை எல்லோரும் தேடும்படி தொகுத்து வைத்திருக்கிறது. அவற்றைப் படிக்க ஆரம்பித்தால் தேட வந்த காரியம் மறந்துவிடும்.

ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்களின் வாரிசுகள் கொடுத்து வைத்தவர்கள். விக்டோரியாவில் 1853இலிருந்து மரணச் சான்றிதழில் பிறந்த இடம், பெற்றோர் பெயர், எத்தனை வருடமாகக் குடியேற்றத்தில் இருக்கிறார், பிள்ளைகள் யார் என்று கேட்டு எழுதினார்கள். ஆனால் இறந்தவர் தானே வந்து பதில் சொல்ல முடியாது. மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ சொன்னதுதான் அதில் இருக்கும். தகவல் சொன்னவர் யார் என்ற கட்டத்தை முதலில் பாருங்கள்.

ஊர் தெரிந்துவிட்டால் அடுத்த நிறுத்தம் 'கிரிஃபித் மதிப்பீடு'. வரி விதிப்பதற்காக 1847 முதல் 1864 வரை அயர்லாந்து முழுவதும் எந்த டவுன்லேண்டில் யார் குடியிருந்தார், நிலம் யாருடையது, எவ்வளவு, மதிப்பென்ன என்று எடுத்த கணக்கு அது. வரைபடத்தோடு இருக்கிறது, இலவசம். நம் அடங்கலும் பட்டாவும் பார்த்துப் பழகியவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். ஒண்டுக் குடித்தனக்காரரும் வேலையாளும் அதில் வரமாட்டார்கள், குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே.

ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இந்தப் பாடு இல்லை. காகிதத்தைப் பத்திரமாக வைப்பதில் அவர்கள் வேறு ஜாதி. பெர்த்ஷயரில் உள்ள எரோல் பங்கில் 1553இலிருந்தே பதிவேடு இருக்கிறது. 1855இல் அரசுப் பதிவு தொடங்கியபோது முதல் வருடம் கேட்ட விவரங்கள் மிக அதிகம். பிறப்பைப் பதிய வந்தால் பெற்றோரின் வயது, அவர்கள் பிறந்த ஊர், கல்யாணம் நடந்த தேதி, இடம் என்று ஏகப்பட்ட கேள்வி. பதிவாளர்கள் திணறிப்போக, அடுத்த வருடமே குறைத்துவிட்டார்கள். ஆகவே 1855இல் குடும்பத்தில் ஒரு பிறப்போ இறப்போ நடந்திருந்தால் அது புதையல். கல்யாணமான பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயராலும் பதிவது அங்கே வழக்கம், கல்லறைக் கல்லிலும்கூட. இதெல்லாம் 'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்' என்ற அரசுத் தளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கும். ஓர் ஓட்டை உண்டு: 1843இல் சபை பிளந்து 'ஃப்ரீ சர்ச்' தனியாகப் போனது. அப்படிப் போனவர்களின் பிள்ளைகளைப் பழைய பங்கு ஏட்டில் தேடி ஏமாறாதீர்கள்.

பெயர் வைக்கும் முறையைச் சொன்னால் உங்களுக்கே சிரிப்பு வரும். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், அடுத்தவளுக்கு அப்பாவின் அம்மா பெயர். பெயரன் என்ற சொல்லே பேரன் ஆன மொழி நம்முடையது, நமக்கு இதை விளக்க வேண்டாம். அயர்லாந்திலும் இந்த வழக்கம் பரவலாக இருந்தது. சட்டமல்ல, ஆனால் நல்ல துப்பு: மூன்றாம் தலைமுறையின் பெயர்களை வரிசையாக எழுதினால் முதல் தலைமுறையின் பெயர்கள் யூகமாகத் தெரியும். இதனால் வரும் சங்கடமும் நமக்குப் பழக்கமானதே. ஒரே தாத்தாவின் நான்கு மகன்கள் தலைக்கொரு டொனால்டு வைத்தால், ஒரே ஊரில் ஒரே வயதில் நான்கு டொனால்டு. குழந்தை இறந்துவிட்டால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கும் வைப்பார்கள். ஞானஸ்நான ஏட்டில் பெயரைக் கண்டதும் துள்ளாமல், அந்தப் பிள்ளை உயிரோடு வளர்ந்ததா என்று அடக்க ஏட்டையும் பார்க்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலிருந்து போனவர்களில் பலரும் விரும்பிப் போகவில்லை. ஆடு மேய்த்தால் லாபம் அதிகம் என்று நிலச்சுவான்தார்கள் குடியானவர்களைக் காலி செய்தார்கள். 1845இல் கிளென்கால்வி என்ற பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எண்பது தொண்ணூறு பேர், பக்கத்தில் உள்ள குரோய்க் தேவாலய முற்றத்தில் துணிக் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அவர்கள் பேசிய மொழி கேலிக். ஆனால் அந்த மாதாகோயிலின் ஜன்னல் கண்ணாடியில், தாங்கள் யார், ஏன் இங்கே இருக்கிறோம் என்பதை ஆங்கிலத்தில் கீறி வைத்தார்கள். அந்தக் கண்ணாடிகள் இன்னும் இருக்கின்றன.

இனி, சொன்னபடி நம் ஊர் நுனி. கடல் கடந்தவர்கள் எல்லோரும் அமெரிக்காவுக்குப் போகவில்லை. கம்பெனியின் படையில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். மதராஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற படைப்பிரிவு 1881இல் பம்பாய்ப் பிரிவோடு சேர்ந்து ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆனது. ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக 1821இல் எழும்பூரில் திறந்ததுதான் செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச். மதராஸ் ராஜதானியில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றின் நகல் ஒவ்வொரு வருடமும் லண்டனுக்குப் போனது. இன்று அது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கல்லறைக் கல்வெட்டுகளை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற அதிகாரி தொகுத்து 1905இல் புத்தகமாகவே போட்டார். அவர் எடுத்தது வரலாற்று முக்கியத்துவம் உள்ளவர்களை. சாதாரணச் சிப்பாயும் குமாஸ்தாவும் அதில் இல்லை.

அவர்களுடைய கற்கள் வெயிலிலும் மழையிலும் தேய்ந்துகொண்டிருக்கின்றன. பழைய கல்லறைத் தோட்டம் எதற்காவது போக நேர்ந்தால், கைபேசியில் சில படங்கள் எடுத்து 'ஃபைண்ட் எ கிரேவ்' போன்ற தளத்தில் ஏற்றிவிடலாம், காசு செலவில்லை. காலையில் எடுத்தால் எழுத்து நன்றாகத் தெரியும். சாய்ந்த வெயில் விழுந்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் காட்டும். கல்லின் மேல் சுண்ணாம்போ மாவோ தேய்க்காதீர்கள், கல் கெட்டுவிடும். பெயர் உள்ள வரியோடு நிறுத்திவிடாமல், கீழே சின்ன எழுத்தில் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மெல்போர்னிலோ அபர்டீனிலோ உட்கார்ந்து தேடுகிறவருக்கு வேண்டியது அந்த வரிதான்.